பெருமோட்டாரும் சுற்றுமுறிப்பானும்

நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களில் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளிலே, கொழுந்து அரைக்கும் உருளையந்திரம் சுழலத் தொடங்குங் கணத்திற் சுற்றுமுறிப்பான், அதாவது பிரேக்கர், விழுந்துவிடுவதுண்டு. உடனே பெரியதொன்றைப் பொருத்துவது ஆபத்தான வைத்தியமாகும்.

22 கிலோவாற்று மோட்டார் 400 வோல்ற்றில் முழுச்சுமையுடன் ஏறத்தாழ 41 அம்பியர் இழுக்கும். நேரே தொடக்கினாற் சில வினாடிகளுக்கு அதன் ஆறேழு மடங்கு இழுக்கும். இது பழுதன்று, இயல்பே. ‘பி’ வகை முறிப்பான் தன் அளவின் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். ‘டி’ வகையோ 10 முதல் 20 மடங்கிலேதான் அவ்வாறு விழும். எனவே பெரும்பாலும் மாற்றவேண்டியது வகையே. மோட்டாரின் சுருள் வெந்துபோகாமற் காப்பது, 41 அம்பியருக்கு அமைத்த மிகைச்சுமை ரிலேயின் வேலை. ஸ்டார்-டெல்ற்றா தொடக்கி மின்னோட்டத்தை மூன்றிலொன்றாகக் குறைக்கும். ஆனால் சுழற்றும் வலுவும் அவ்வளவாகவே குறையுமாதலின், கொழுந்து நிறைந்த உருளை அசையாது நின்றுவிடக்கூடும்.

முறிப்பானின் முகத்தில் இன்னோர் எண்ணும் உண்டு. அதைப் படிப்போர் அரியர். அதுவே குறுஞ்சுற்று மின்னோட்டத்தை அறுக்குந் திறன். நூற்றுக்கு 4 தடங்கலுடைய 400 கிலோவோல்ற்று அம்பியர் நிலைமாற்றியின் அருகே குறுஞ்சுற்று நேரின், 14 கிலோ அம்பியர் வரை பாயும். 6 கிலோ அம்பியருக்குரிய முறிப்பான் அதனை அறுக்கமாட்டாது வெடித்துச் சிதறலாம். அப்பலகையின் எதிரே நிற்பவர் யந்திரத்தை ஓட்டும் தொழிலாளியே.