பூத்துக்குளி

நீலகிரியின் உச்சிப் பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், அடர்ந்த சோலைகளுக்கு இடையிடையே பரந்த புல்வெளிகள் உண்டு. அப்புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்து வந்த பழங்குடியினர் தோடர் ஆவர். அவர்தம் சிற்றூர் மந்து எனப்படும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்களது தொகை ஏறத்தாழ 2,000 மட்டுமே. ஒரு பேரூரின் ஒரு தெருவிலே அடங்கத்தக்க இச்சிறு கூட்டத்தாரின் பெயரை உலகின் பல பகுதிகளுக்கும் கொண்டு சென்ற பொருள் ஒன்று உண்டு. அஃது அவர்கள் உடலிற் போர்த்துக்கொள்ளும் பூத்துக்குளி என்னும் போர்வையாகும்.

தோடர் நெசவு செய்வதில்லை. முற்காலத்தில் பானையும் இரும்புக் கருவியும் கோத்தரிடமிருந்தும், தானியம் படகரிடமிருந்தும், தேன் குறும்பரிடமிருந்தும் அவர்களுக்குக் கிடைத்தன. பாலும் நெய்யும் தோடர் தந்தனர். துணியோ சமவெளி நெசவாளர் தறியிலிருந்து மலையேறி வந்தது. வந்த துணியில் அழகு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. முரட்டுப் பருத்தி நூலால் இழை தளர நெய்யப்பட்டு, வெண்மையும் பழுப்பும் கலந்த நிறத்தில், ஓரத்தில் சிவப்பும் கறுப்புமான சில பட்டைகள் மட்டும் ஓட, அது வெறும் துணியாகவே கிடக்கும். அத்துணிக்கு உயிரூட்டுவது தோடப் பெண்களின் ஊசியே. அவர்கள் செய்யும் பூத்தையலுக்குத் தோடர் மொழியில் புகூர் என்று பெயர். பூ என்பது அதன் பொருள்.

இத்தையலின் முறை வியக்கத்தக்கது. ஏனைய நாடுகளிலும் நம் நாட்டின் பிற பகுதிகளிலும் பூத்தையல் செய்வோர் பலர், முதலில் துணியின்மேல் கோலம் வரைந்துகொள்வர். அல்லது மரக்கட்டையால் அச்சுப் பதித்துக்கொள்வர். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொள்வாரும் உண்டு. தோடப் பெண்ணுக்கோ வரைவும் இல்லை, அச்சும் இல்லை, சட்டமும் இல்லை. துணியின் பாவிழைகளையும் ஊடையிழைகளையும் விரலால் உணர்ந்து எண்ணுவாள். எண்ணிய இழைகளுக்கு அடியில் ஊசியைச் செலுத்துவாள். அடுத்து எண்ணிய இழைகளின் மேலே கொணர்வாள். இத்தனை இழை விடுத்து இத்தனை இழை எடுப்பது என்னும் கணக்கு ஒன்றே அவளுக்கு வழிகாட்டி. ஓரிழை பிசகினால் அவ்வரிசை முழுதும் பிசகும். எண்ணித் தைப்பதனால்தான் இவ்வேலையில் வளைகோடுகள் அரிதாகின்றன. சதுரமும் முக்கோணமும் சாய்வரிகளுமே மிகுந்து தோன்றுகின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நூலை இறுக இழுத்து விடாமல், சிறு கண்ணி அளவு தளர விடுவர். இதனால் துணி சுருங்குவதில்லை. தைத்த இடமும் புடைத்து நிற்கின்றது. தைப்பவள் தன்னை நோக்கி வைத்துத் தைக்கும் பக்கம் வழுவழுப்பானது. கண்ணிகள் நிறைந்து சொரசொரப்பாக இருக்கும் மறுபக்கத்தையே தோடர் நல்ல பக்கமாகக் கொள்வர். முதன்முறை காண்போர் இதனைத் தையல் என்று நம்புவதில்லை. தறியிலேயே நெய்யப்பட்ட கரை என்றே எண்ணுவர். முன்பு பருத்தி நூலைப் பயன்படுத்தியவர்கள் பிற்காலத்தில் கம்பளி நூலை மேற்கொண்டனர். சிவப்பும் கறுப்பும் மாறவில்லை.

கோலங்களெல்லாம் கண்முன் உள்ளவற்றிலிருந்து பிறந்தவை. எருமைக் கொம்பு, மலைமுகடு, தேனடை, அணிலின் முதுகு வரி, மயிலிறகு ஆகியவை அவற்றுட் சில. தோடர் மொழிக்கு வரிவடிவம் இல்லை. ஆகவே, ஏட்டில் எழுதி வைத்த கோலப் புத்தகமும் இல்லை. தாய் தைப்பதை மகள் அருகிருந்து கண்டு கற்க வேண்டும். கற்கும் மகள் இல்லையாயின், அக்கோலம் அவ்வீட்டளவில் மறைந்தே போகும்.

ஆண், பெண் இருபாலாரும் பூத்துக்குளி அணிவர். விழாவிலும் திருமணத்திலும் அது தோளில் விளங்கும். இறந்தவர் உடலையும் பூத்தையல் செய்த போர்வையாலேயே சுற்றுவர். பல வாரங்கள் உழைத்துச் செய்த வேலைப்பாடு, இவ்வாறு இறுதிப் பயணத்திலும் உடன் செல்கின்றது. ஒருவருக்குச் செய்யும் மரியாதையை இழையெண்ணி அளந்த மக்கள் இவர்கள் என்று சொன்னால் அது மிகையன்று.

1901-1902 ஆண்டுகளில் தோடரிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1906-இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். எமனோ என்னும் மொழியியலறிஞர் 1937-இல் தோடர் ஆடையையும் பூத்தையலையும் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். அறிஞர் போற்றிய அக்காலத்திலேயே தோடரின் வாழ்க்கை மாறத் தொடங்கியிருந்தது. புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும் தைல மரக்காடுகளாகவும் சீகை மரக்காடுகளாகவும் மாறின, மேய்ச்சல் குறைந்தது, எருமை மந்தைகளும் சுருங்கின. நாள்தோறும் உடுக்க ஆலைத்துணி வந்தது. பூத்துக்குளி சடங்குக்குரிய ஆடையாக ஒதுங்கியது.

அக்கலை மீண்டும் தளிர்த்தது விற்பனையினால்தான். சால்வை, கைப்பை, மேசைவிரிப்பு, மூக்குக்கண்ணாடி உறை ஆகியவற்றில் தோடப் பெண்கள் பூத்தையல் செய்து விற்கலாயினர். முன்னோர் போர்வையின் கோலம் மேசைமேல் விரிக்கப்படுவதா என்று வருந்துவோர் இருக்கலாம். எனினும், வீட்டிலிருந்தபடியே கூலி தரும் தொழிலாக அது மாறியிராவிடில், இளம்பெண்கள் பலர் ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

விற்பனையைத் தொடர்ந்து போலியும் வந்தது. பொறியினால் விரைந்து செய்த துணிகள் தோடர் வேலை என்ற பெயரிலேயே கடைகளில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. பல நாள் உழைப்புக்கு உரிய விலை கேட்கும் பெண், நொடியில் செய்த பொருளோடு போட்டியிட வேண்டியவளானாள். இதனைத் தடுக்க, தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழ்நாட்டரசின் பூம்புகார் நிறுவனம் ஆகியவை சேர்ந்து முயன்றன. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2013-இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின், தோடர் பூத்தையல் என்ற பெயரைப் பிறர் தம் பொருளுக்கு இடுதல் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும், சட்டம் ஒவ்வொரு கடைக்கும் நேரில் சென்று பார்ப்பதில்லை. பொருளை இனங்காண வேண்டியவர் வாங்குவோரே.

இனங்காணுதல் அரிதன்று. துணியைத் திருப்பிப் பார்த்தாலே போதும். அச்சிட்ட போலியின் பின்புறத்தில் நூல் இராது. உண்மையான பூத்தையலில் ஒரு பக்கம் வழுவழுப்பாக இருக்கும். மறுபக்கத்தில் கோலத்தின் ஓரமெங்கும் சிறுசிறு கண்ணிகள் விரலில் தட்டுப்படும்.