அறுத்தலும் அடைத்தலும்: சத்திர சிகிச்சைக் கருவிகள் வளர்ந்த வரலாறு

கருவி ஒவ்வொன்றும் ஒரு தொழிலின்பொருட்டே ஆக்கப்படுவது உலக வழக்கு. அரிவாள் அறுக்கும், குறடு பற்றும், ஊசி தைக்கும். ஆயின், சத்திர வைத்தியரின் கையிலுள்ள கருவியோ ஒன்றற்கொன்று மாறான இரு தொழில்களை வேண்டி நிற்பது. உடலை அறுத்தல் வேண்டும். அறுத்த இடத்திலே குருதி பெருகாது காத்தலும் வேண்டும். வளர்ந்த மனிதனொருவனின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதியே உண்டு. அதில் 2 லீற்றர் வரை விரைவாக வெளியேறுமாயின் உயிர் நிலைப்பது அரிதாகும். எனவே, குருதியை அடக்கும் வழி அறியாத காலத்திலே அறுக்கும் திறமை எத்துணை இருந்தும் பயன் சிறிதாயிற்று.

இவ்விரு தொழில்களும் தம்முள் மாறுபடுதற்குக் காரணம் உண்டு. நசுங்கிய குருதிக்கலன் தானே சுருங்கும். கிழிந்த அதன் விளிம்பிலே குருதி விரைவில் உறையும். கூரிய கத்தியால் நேராக வெட்டுண்ட கலனோ வாய் திறந்து குருதியைச் சொரியும். கத்தி கூராக இருப்பின் காயம் விரைவில் ஆறும். ஆனால் குருதி மிகும். நசுக்கினும் சுடினும் குருதி நிற்கும். ஆனால் சுற்றிலுமுள்ள இழையம் அழியும். இந்த இக்கட்டிலிருந்து மீளும் முயற்சியே இக்கருவிகளின் வரலாறு எனலாம்.

பண்டைப் பாரதத்து மருத்துவர் இதனை நன்குணர்ந்திருந்தனர். சுசுருத சங்கிதை, 101 மழுங்கற் கருவிகளையும் 20 கூரிய கருவிகளையும் வகுத்துக் கூறுகின்றது. குருதியை நிறுத்துதற்கு அந்நூல் நான்கு வழிகளை முறைப்படுத்துகின்றது. துவர்ப்புப் பொருள்களால் காயத்தைக் கூடச் செய்தல், குளிர்ச்சியால் குருதியை உறையச் செய்தல், சாம்பல் முதலியவற்றால் உலர்த்துதல், தீயினாற் சுடுதல் என்பன அவை. ஏனைய மூன்றும் பயன்படாதவிடத்தே தீயை நாடுக என்ற ஒழுங்கு கருதற்பாலது. தீ குருதியை நிறுத்தும். ஆயினும் அதுவே ஒரு காயம் என்பதனை அவர் அறிந்திருந்தனர்.

ஐரோப்பாவிலே நெடுங்காலம் பழுக்கக் காய்ச்சிய இரும்பே பெருந்துணையாயிற்று. கை கால்களைத் துணித்தபின் அவ்விடத்தைச் சுடுவது வழக்கம். பிரான்சியப் படை மருத்துவரான அம்புறுவாசு பாரே, 1552 ஆம் ஆண்டு டம்வில்லே முற்றுகையின்போது, சுடுவதை விடுத்து, நாடிகளைப் பற்றியிழுத்து நூலாற் கட்டும் முறையைக் கையாண்டார். நூலாற் கட்டுதல் பண்டை உரோமரும் அறிந்ததொன்றே. உறுப்புத் துணித்தலிலே அதனைப் புதுப்பித்த பெருமை பாரேக்கு உரியது. நாடியைப் பற்றுதற்கு அவர் பயன்படுத்திய குறடு, காகத்தின் அலகை ஒத்திருந்தமையால் அப்பெயராலேயே வழங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சில் பெயான், கூபர்லே ஆகியோரும் இங்கிலாந்தில் ஸ்பென்சர் வெல்சும் இக்குறட்டைச் செப்பஞ் செய்தனர். அதன் பிடியிலே பற்கள் அமைந்த பூட்டு ஒன்று சேர்ந்தது. ஒருமுறை அழுத்திப் பூட்டினால் குறடு தானே பற்றி நிற்கும். வைத்தியரின் கை அடுத்த வேலைக்கு விடுதலை பெறும். சிறிய மாற்றமே ஆயினும் அதன் பயன் பெரிது. பின்னர், பால்ட்டிமோரிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹால்ஸ்டெட், குறடு கலனை மட்டுமே பற்றல் வேண்டும், சுற்றிலுமுள்ள இழையத்தை நசுக்கலாகாது என வற்புறுத்தி, நுண்ணிய முனையுடைய குறடுகளைப் பயன்படுத்தினார்.

குறடும் நூலும் கைகொடாத இடம் ஒன்று இருந்தது. அது மூளை. மூளையின் இழையம் மிக மென்மையானது. ஆழத்திலுள்ள சிறு கலன்களைப் பற்றிக் கட்டுதற்கு இடமும் இல்லை. ஹால்ஸ்டெட்டிடம் பயின்ற ஹாவி கூஷிங், 1911 இல் சிறு வெள்ளிக் கவ்விகளைக் கலன்களிற் பொருத்தும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரும் குருதி மிகுந்த கட்டிகள் பலவற்றை அவர் தொடவியலாது விட்டார்.

இந்நிலையில் அவருக்குத் துணையாக வந்தவர் வைத்தியர் அல்லர். ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் போவி என்னும் அறிஞர், உயர் மீடிறன் மின்னோட்டத்தால் இழையத்தை அறுக்கவும் உறையச் செய்யவும் வல்ல பொறியொன்றை ஆக்கியிருந்தார். 1926 ஆம் ஆண்டிலே நோயாளி ஒருவரின் தலையிலிருந்த கட்டியை அகற்ற முனைந்த கூஷிங், குருதிப் பெருக்கினால் இடைநடுவில் நிறுத்த நேர்ந்தது. சில நாட்களின் பின், ஒக்டோபர் 1 ஆம் திகதி, பொஸ்ரன் நகரத்துப் பீற்றர் பென்ற் பிறிகாம் வைத்தியசாலையிலே, போவியின் பொறியைக் கொண்டு அதே கட்டியை அகற்றினார். கைவிடப்பட்டிருந்த வேறு நோயாளரையும் அவர் மீண்டும் அழைத்துச் சிகிச்சை செய்தார்.

மின்னோட்டம் உடலிற் பாய்ந்தும் நோயாளி அதிர்ச்சியுறாமை எவ்வாறு? வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 100 முறை திசைமாறும். அது நரம்பையும் தசையையும் தூண்டும். செக்கனுக்குப் பல இலட்சம் முறை மாறும் ஓட்டத்திற்கு அவை இசைவதில்லை, வெப்பமே விளையும். பிரான்சிய அறிஞர் தார்சொன்வால் இவ்வுண்மையை 1891 இலேயே காட்டியிருந்தார்.

வெப்பமும் எங்கும் ஒரே அளவினதன்று. ஊசியின் முனையாலும் உள்ளங்கையாலும் ஒரே விசையுடன் அழுத்தினால் ஊசியே குத்தும். அதுபோல, ஒடுங்கிய மின்வாயிலே செறிந்து புகும் ஓட்டம் அங்கே இழையத்தைச் சுடும். அகன்ற தகட்டின் வழியே பரந்து வெளியேறுமிடத்திற் சுடாது. இடையறாத அலை, கலத்திலுள்ள நீரைக் கணத்திலே கொதிக்கச் செய்து கலத்தை வெடிப்பிக்கும், இது அறுத்தல். விட்டுவிட்டு வரும் அலை, மெல்லச் சூடேற்றிப் புரதத்தை உறையச் செய்யும், இது அடைத்தல். ஒரே மின்வாய், அலையின் வடிவம் மாற, இரு தொழில்களையும் செய்யலாயிற்று.

எனினும் ஒவ்வொரு தீர்வும் தன்னுடன் ஓர் இடரைக் கொணர்ந்தது. தகடு உடலுடன் நன்கு பொருந்தாவிடின் அவ்விடமே புண்ணாகும். அக்காலத்து மயக்க மருந்தாகிய ஈதர் தீப்பொறியாற் பற்றக்கூடியது. ஆதலால், ஓட்டத்தை உடல் முழுவதும் செலுத்தாது, இடுக்கியின் இரு முனைகளுக்கிடையே மட்டும் செலுத்தும் அமைப்புப் பின்னர் உருவாயிற்று. 1990களிலே, செக்கனுக்கு 55,500 முறை அதிர்ந்து, உராய்வின் வெப்பத்தால் அறுத்து அடைக்கும் அலகு வழக்கிற்கு வந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் வந்த மற்றொரு கருவி, 7 மில்லிமீற்றர் வரை விட்டமுடைய கலனை இரு தாடைகளுக்கிடையே அழுத்தி, சுவர்களை உருக்கி ஒன்றாக்கும். இழையத்தின் மின்தடையை அளந்து, போதிய அளவு அடைபட்டதும் ஓட்டத்தைத் தானே நிறுத்தும். பின்னரே நடுவிலுள்ள கத்தி நகர்ந்து அறுக்கும்.

இவ்வளர்ச்சியை நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகும். முதலில் அறுத்தபின் அடைத்தனர். போவியின் பொறியால் அறுக்கும்போதே அடைத்தனர். இன்று அடைத்தபின் அறுக்கின்றனர். கண்ணுக்குத் தெரியும் கலனை இரு குறடுகளாற் பற்றி, நடுவே வெட்டிக் கட்டிய பழைய வைத்தியரின் செயல்முறையே இப்பொழுது ஒரு தாடையினுள் அடங்கிற்று என்க. ஆயினும் தோலை அறுத்தற்குச் சாதாரணக் கத்தியைக் கைக்கொள்வோர் இன்றும் பலர். வெப்பம் படாத காயத்தின் நன்மை இன்னும் மாறவில்லை.

ஆகவே, இக்கருவியின் சிறப்பை அதன் கூர்மையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. தொடவேண்டிய இடத்திற்கு அப்பால் எத்துணைச் சிறிதே ஊறு செய்கின்றது என்பதே அதன் உரைகல். தீயை இறுதியில் வைத்த பண்டை மருத்துவரும், கலனை மட்டும் பற்றுக எனப் பணித்த ஹால்ஸ்டெட்டும், தானே நிற்கும் ஓட்டத்தை வகுத்த இன்றைய பொறியியலாளரும் இவ்வுரைகல்லையே கொண்டனர். இவற்றுட் பல, வைத்தியர் தனித்து நின்று ஆக்கியனவல்ல. மின்னை அறிந்தவரும் உடலை அறிந்தவரும் ஒரே மேசையருகே நின்றபோதே கைவிடப்பட்ட நோயாளி உயிர் பெற்றான். பௌதிகத்தை ஓர் அறையிலும் உயிரியலை மற்றோர் அறையிலும் பயிலும் மாணவர் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை இதுவாகும்.