கெட்டுப்போன படமும் கோட்டோவியமும்

உங்கள் கைப்பேசியில் சேர்ந்துகிடக்கும் தெருப் படங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சரிந்தவை, வெளுத்தவை, இருண்டவை எத்தனை! அழித்துவிடலாம் என்று விரல் நீளும். ஆனால் அதில் நிற்கும் முகம் தடுத்துவிடும்.

சென்னை மண்ணடியில், லிங்கிச் செட்டித் தெருவில் எடுத்த அத்தகைய படமொன்று எங்களிடம் உண்டு. நண்பகல் வேளை. பாதித் தெரு வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. கடைத் தாழ்வாரத்தின் கீழ் நிற்கும் வாப்பாவோ நிழலில் அமிழ்ந்திருக்கிறார். படமே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. குறுக்கே ஒரு கைவண்டி; மேலே மின்கம்பிகளின் சிக்கல். வாப்பா மறைந்த பின் தேடியபோதுதான் தெரிந்தது, அவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது ஒன்றே என்று.

அதனைக் கணினியில் பென்சில் கோட்டோவியமாக மாற்றிப் பார்த்தேன். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1996 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் கிம்ப் என்னும் மென்பொருளே போதும். முதலில் சாய்வை நிமிர்த்துங்கள். வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அதன் நகல் ஒன்றை மேலடுக்காக வைத்து, இன்வெர்ட் கட்டளையால் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் திருப்புங்கள். அந்த அடுக்கின் கலப்பு முறையை டாட்ஜ் என மாற்றினால் திரை ஏறத்தாழ முழுவதும் வெளுத்துவிடும், அஞ்ச வேண்டாம். காஷியன் பிளர் கொண்டு மேலடுக்கைச் சிறிது சிறிதாக மங்கச் செய்யுங்கள். வெள்ளைத் தாளிலிருந்து கோடுகள் எழுந்து வரும். மங்கலைக் குறைத்தால் மெல்லிய கோடு. கூட்டினால் தடித்த கோடும் நிழலும்.

இது எவ்வாறு நிகழ்கிறது? ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அதன் சுற்றுப்புறத்தின் சராசரி ஒளியால் வகுக்கப்படுகிறது, அவ்வளவுதான். வெயிலில் நனைந்த சுவரில் புள்ளியின் அளவு 200, சுற்றுப்புறமும் 200 என்றால் விடை ஒன்று; அதாவது வெள்ளை. நிழலில் உள்ள சுவரில் 40க்கு 40, அதுவும் வெள்ளையே. ஆனால் மீசையின் ஓரத்தில் புள்ளி 20, சுற்றுப்புறம் 40 என்றால் விடை பாதி. அங்கே சாம்பல் நிறக் கோடு விழுகிறது. வெயில், நிழல் என்ற வேற்றுமை மறைந்து, உருவத்தின் விளிம்பு மட்டும் எஞ்சுகிறது. வாப்பாவின் முகம் மீண்டது இக்கணக்கினால்தான்.

எல்லாக் குறைக்கும் இது மருந்தன்று. கை நடுங்கிக் கலங்கிய படத்தில் விளிம்பே இராது. இல்லாத விளிம்பைக் கணக்கு எங்கிருந்து கொணரும்? இரவுப் படங்களின் மணல்போன்ற புள்ளிகளோ முன்னிலும் மோசமாகும். இருட்டில் 5க்கும் 10க்கும் உள்ள சிறு வேறுபாடுகூட வகுக்கும்போது பாதியாகத் தெரிவதே காரணம். ஆகவே அத்தகைய படத்தை முதலிலேயே சற்று மென்மையாக்கிக்கொள்ள வேண்டும். முற்றிலும் கறுத்துப்போன இடத்தில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கலங்கல் எப்போதும் குறையுமன்று. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932இல் பாரிஸ் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த புகழ்பெற்ற படத்தில், தேங்கிய நீரைத் தாண்டும் மனிதர் கலங்கலாகத்தான் இருக்கிறார். அதைக் கோட்டோவியமாக்கினால் அந்தப் பாய்ச்சலே போய்விடும். 1970களில் அவரே புகைப்படக் கருவியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, பென்சிலும் தாளுமாக அமர்ந்துவிட்டார் என்பது வேறு கதை.

மூலப் படத்தின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். கோடுகள் நன்றாக எழுந்ததும் எனக்கு ஆசை மிகுந்தது. கம்பிகளை வெள்ளைத் தூரிகையால் அழித்தேன். குறுக்கே நின்ற கைவண்டியையும் அழித்து, சட்டமிட்டு உம்மாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்திருந்தார்.

"முகம் அப்படியே இருக்கிறது வாப்பா. அந்தக் கைவண்டி எங்கே? அசருக்குப் பிறகு அதில் சாய்ந்துகொண்டுதானே யாரோடும் பேசுவார்கள்?"

மூலப் படம் பத்திரமாக இருந்தது. அன்றிரவே உட்கார்ந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை கம்பிகளைக்கூடத் தொடவில்லை.