டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்

பிரஷருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறவர்களிடம் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அங்க இருக்கிறது வெறும் எம்.பி.பி.எஸ். டாக்டர்தானே, ஒரு ஹார்ட் டாக்டரைப் பார்த்தா என்ன?" அக்கறையில் கேட்கும் கேள்விதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். இத்தனை பேரும் இதய நிபுணரின் வாசலில் நின்றால், மாரடைப்போடு வருகிறவரைப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது.

அதனால் உலகம் முழுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அடிக்கடி வரும் நோய்களுக்கு எப்போது மருந்து தொடங்குவது, எதைக் கொடுப்பது, எப்போது கூட்டுவது, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதை நிபுணர்கள் கூடி எழுதித் தருகிறார்கள். பொது மருத்துவர் அதை வைத்துப் பார்க்கிறார். டாக்டர்கள் இதை 'புரோட்டோகால்' என்பார்கள். சுகர், ஆஸ்துமா, காய்ச்சல் என்று பலவற்றுக்கும் இப்படி உண்டு. இங்கே பிரஷரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். இந்த ஏற்பாடு எங்கே வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது தெளிவாகத் தெரிவதும் அதில்தான்.

நிபுணர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதினால் அது புத்தகமாகிவிடும். அமெரிக்க இதயநோய் சங்கங்கள் 2017-ல் வெளியிட்ட பிரஷர் வழிகாட்டி அப்படிப்பட்டதுதான். 130/80-ஐத் தொட்டாலே உயர் அழுத்தம் என்று அது எல்லையைக் கீழே இறக்கியது. மேல் அளவை 120 வரை இறக்கலாமா என்று 2015-ல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வைத் தொட்டு இன்றும் நிபுணர்கள் விவாதிக்கிறார்கள். விவாதம் தேவையானதுதான். ஆனால் நூறு பேர் டோக்கனோடு காத்திருக்கும் காலை ஓ.பி.யில் எதிரே இருப்பவருக்கு 172 காட்டுகிறது. 120-ஆ 130-ஆ என்ற சண்டை அவருக்கு எட்டாத தூரத்தில் நடக்கிறது. 172-ஐ 140-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதில்தான் அவருடைய லாபமெல்லாம். மேல் அளவு 10 குறைந்தாலே பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ கால்வாசி குறைகிறது.

ஆகவே பொது மருத்துவருக்கான நல்ல வழிகாட்டி ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். எதை எழுதாமல் விடுவது என்று முடிவு செய்வதுதான் அதை எழுதும் நிபுணருக்கு உண்மையான வேலை. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர்., மத்திய சுகாதார அமைச்சகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2017 இறுதியில் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த வழியில் போனது. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் என ஐந்து மாநிலங்களில் ஆரம்பித்து, மாநிலத்துக்கு ஒரு தாளாகத் தயாரித்தார்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைக்கலாம், சுவரில் ஒட்டலாம்.

தாளில் மருந்துக்கு முன்னால் வருவது அளக்கும் முறை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழை இங்கேயே நடந்துவிடுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவர் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடாமல் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். கை மேசைமேல், நெஞ்சின் மட்டத்தில். கையைத் தொங்கவிட்டால் அளவு கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் கூடும். பட்டையைப் புடவை முந்தானைக்கோ சட்டைக்கோ மேல் சுற்றக் கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. ஆனால் நம் ஊரில் காற்று ஏறும் அந்த நொடியில்தான் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று விசாரிப்பார்கள்.

பழைய பாதரசக் கருவி இருந்த காலத்து நோயாளர் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். 130/90, 140/80, 150/90 என்று எல்லா எண்ணும் சைபரில் முடியும். 138 என்றோ 146 என்றோ ஒருவருக்கும் இருக்காது. பார்ப்பவரின் கண் பக்கத்திலிருக்கும் முழு எண்ணுக்குத் தாவிவிடும். 140-ல் முடிவெடுக்கும் நோய்க்கு இந்தத் தாவல் சின்ன விஷயமில்லை. புதிய திட்டத்தில் தானாகக் காற்றேறும் டிஜிட்டல் கருவி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லை 140/90. ஒரே நாள் அளவை வைத்துப் பொதுவாக முடிவு செய்வதில்லை. இன்னொரு நாளும் அளந்து, அன்றும் அதே நிலை என்றால்தான் மருந்து. 180/110-ஐத் தாண்டினால் காத்திருப்பதில்லை. ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு 130-லேயே தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி.

இனி படிகள். ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர், இரண்டு முறை அளந்தும் 160/100 என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தாள்களில் பெரும்பாலும் முதல் படி அம்லோடிபின் 5 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று. ஒரு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அப்போதும் 140-க்கு மேல் இருந்தால் டெல்மிசார்ட்டன் 40 சேரும், அல்லது அம்லோடிபின் 10 ஆகும். இன்னும் இறங்கவில்லை என்றால் இரண்டும் கூடும். அதற்கும் மேல் குளோர்தாலிடோன் 12.5 என்ற சிறுநீர் பெருக்கி. மாநிலத்துக்கு மாநிலம் வரிசை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஒரே மாத்திரையின் பவரை ஏற்றுவதைவிட இன்னொரு வகையைச் சிறிய அளவில் சேர்ப்பது பிரஷரை நன்றாக இறக்கும் என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்ட விஷயம். "ரெண்டு மாத்திரை ஆயிடுச்சே, நோய் முத்திடுச்சா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: முத்தவில்லை, வைத்தியம் இப்படித்தான்.

ஏன் அம்லோடிபின்? இதைவிட உயர்ந்த மருந்து கிடையாது என்பதால் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 55 வயதுக்குக் கீழ் உள்ள பலருக்கு வேறு வகையைத்தான் முதலில் வைக்கிறது. நம் தாளை எழுதியவர்கள் பார்த்தது வேறு. டெல்மிசார்ட்டன் வகைக்குச் சிறுநீரகச் செயல்பாட்டையும் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது; கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கவே கூடாது. சிறுநீர் பெருக்கிக்குச் சோடியம், பொட்டாசியம் கவனிக்க வேண்டும். அம்லோடிபினுக்கு இந்த ரத்தப் பரிசோதனைகள் தேவையில்லை. விலை மலிவு. உடலில் நீண்ட நேரம் நிற்பதால் ஒரு வேளை தவறினாலும் பிரஷர் திடீரென்று எகிறாது. லேப் வசதி அரைகுறையாக இருக்கும் இடத்தில் இதுதான் பத்திரமான முதல் படி. தொல்லை என்றால் கணுக்கால் வீக்கம். அது சிறுநீரகக் கோளாறு என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தருவார். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

தாளில் இல்லாத மருந்துகளும் ஒரு சேதி சொல்கின்றன. முதல் படியில் அட்டெனலால் இல்லை. இருபது வருடமாக அதையே போட்டுவருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்கவாதத்தைத் தடுப்பதில் அது மற்ற வகைகளைவிடப் பின்தங்கியது என்று தெரிந்தே நெடுநாள் ஆகிறது. (அட்டெனலாலைச் சட்டென்று நிறுத்துவதும் கெடுதல், அதனால் டாக்டரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.) நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழைய வழக்கமும் இல்லை. எண் சடாரென்று இறங்குவதைப் பார்த்து எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும், ஆனால் அதே வேகத்தில் மூளைக்குப் போகும் ரத்தமும் குறைந்து பக்கவாதம் வரலாம்.

இவ்வளவு எளிமையான தாளால் பெரிய மாற்றம் வருமா என்று கேட்டால், வந்த இடம் ஒன்றைக் காட்டலாம். வடக்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பு தன் டாக்டர்கள் அனைவருக்கும் ஒரே படிவரிசையைக் கொடுத்தது. இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையைப் புழக்கத்தில் விட்டது. பிரஷர் மட்டும் பார்த்துப் போக வருகிறவர்களிடம் கட்டணம் வாங்காமல், உதவியாளர்களே அளந்து அனுப்பும்படி செய்தது. 2001-ல் 44 சதவீதம் பேருக்குத்தான் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. 2009-ல் அது 80 சதவீதம். புது மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

பின் என்ன மாறியது? டாக்டரின் தள்ளிப்போடல் குறைந்தது. 150 காட்டும் நோயாளியைப் பார்த்து "கொஞ்சம் டென்ஷனா இருந்தீங்களா? அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நோயாளிக்கும் அது பிடிக்கும். அடுத்த மாதமும் அதே வசனம் வரும். இப்படியே இரண்டு வருடம் ஓடும். 140-க்கு மேல் என்றால் அடுத்த படி என்று தாளில் எழுதிவிட்டால், கூட்டாமல் விடுவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அதே 2020 கணக்கெடுப்பில் பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. இந்த நிலையில் நிபுணர்களைக் கூட்டுவதைவிடத் தள்ளிப்போடலைக் குறைப்பதுதான் அவசரம் என்பது என் எண்ணம்.

தாள் மட்டும் இருந்து மாத்திரை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. மூன்று நான்கு மருந்தோடு நிறுத்திக்கொண்டதன் இன்னொரு பலன், எவ்வளவு வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிவது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு என்று ஏற்கெனவே ஓர் அமைப்பை வைத்திருந்தது இங்கே நமக்கு வசதி. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தது. கூலி வேலையை விட்டு மாதம் ஒரு நாள் வரிசையில் நிற்க முடியாமல் மாத்திரையைக் கைவிட்டவர்களுக்கு இது பெரிய விஷயம்.

யாருக்குத் தாள் போதாது என்பதையும் தாளே சொல்கிறது. கர்ப்பிணிக்கு மருந்தும் வேறு, பார்க்க வேண்டிய டாக்டரும் வேறு. முப்பது வயதுக்குள் பிரஷர் வந்தவருக்குச் சிறுநீரகத்திலோ அட்ரினல் சுரப்பியிலோ கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும். சிறுநீர் பெருக்கி உட்பட மூன்று மருந்தை முறையாக எடுத்தும் இறங்காதவரையும் மேலே அனுப்ப வேண்டும். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி: மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தினமும் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றியும் கேட்க வேண்டும். நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். நம் சமையலில் அது மத்தியானத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

தாள் சறுக்கும் இடமும் உண்டு. எண்பது வயதுத் தாத்தா படுக்கையிலிருந்து எழுந்ததும் கிறுகிறுத்துப் போகிறார் என்றால், 140 என்ற எண்ணைத் துரத்துவதைவிட அவர் விழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். நிற்க வைத்து ஒரு முறை அளந்து பார்க்கும் டாக்டருக்கு இது தெரிந்துவிடும். அப்போது படியிலிருந்து கீழே இறங்கவும் அவருக்கு உரிமை வேண்டும். தாளைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ளும் மேலதிகாரி இருக்கும் இடத்தில் இது கஷ்டம்.

பெரிய சறுக்கல் திரும்பி வரும் வழியில். மேலே அனுப்பியவர் நிபுணரைப் பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறார். கையில் புதுச் சீட்டு. அதில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த ஏதோ ஒரு கம்பெனி மாத்திரையின் பெயர். பி.எச்.சி. பார்மசியில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. "அந்த மாத்திரை இங்க வராதும்மா" என்று பதில் வரும். வெளியே காசு கொடுத்து இரண்டு மாதம் வாங்குவார். மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார். பல நேரம் அந்த மாத்திரைக்குள் இருப்பது அதே அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும்தான். நிபுணர் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி, கீழே 'உள்ளூரிலேயே தொடரலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் பார்மசிக்காரர் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் எழுதவில்லை என்றால் நாம் கேட்கலாம்: "டாக்டர், இதில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் கொடுங்கள், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்கிறேன்."