பறப்பவர் எத்தனை பேர்?

2024-ஆம் ஆண்டில் இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் 16 கோடிப் பேர் பறந்தார்கள் என்று செய்தி வந்தது. அரசின் கணக்குத்தான், எண்ணில் பிழை இல்லை. ஆனால் 16 கோடி மனிதர்கள் என்று அதைப் படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்விட்டு வருகிறீர்கள். போகும்போது ஒரு டிக்கெட், வரும்போது ஒரு டிக்கெட். கண்டக்டர் கணக்கில் நீங்கள் இரண்டு பயணி. விமானத்திலும் அப்படித்தான், ஏறுகிற ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு. மதுரையிலிருந்து சென்னை போய், அங்கே வேறு விமானம் மாறி குவாஹாட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் நீங்கள் நாலு பயணி. வாராவாரம் திங்கள்கிழமை மும்பையிலிருந்து டெல்லி போய் வெள்ளிக்கிழமை திரும்புகிற ஒரு மேலாளர் இருந்தால், ஆண்டு முடிவில் அவர் ஒருவரே ஏறத்தாழ நூறு பயணி ஆகியிருப்பார்.

சரி, பயணங்களாகவே எடுத்துக்கொள்வோம். ஜனத்தொகை 144 கோடி என்று வைத்தால் ஒன்பது பேருக்கு ஒரு பயணம் தேறும். அதே ஆண்டில் சீனாவில் உள்நாடு, வெளிநாடு இரண்டும் சேர்த்து 73 கோடிப் பயணங்கள், அதாவது இரண்டு பேருக்கு ஒன்று. அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணம் மட்டுமே 80 கோடிக்கு மேல். அங்கே ஜனத்தொகை 34 கோடிதான், ஆக ஆளுக்கு இரண்டுக்கும் அதிகம். நம் ரயில்களில், புறநகர் மின்ரயிலையும் சேர்த்து, ஆண்டுக்கு 700 கோடிப் பயணம் போல நடக்கிறது. விமானம் வந்து ரயிலைக் காலி செய்துவிட்டது என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

சராசரியிலும் ஒரு மோசம் உண்டு. ஒன்பது பேருக்கு ஒன்று என்றால் ஒன்பது பேரும் முறை வைத்துப் போகிறார்கள் என்ற தோற்றம் வந்துவிடும். நிஜத்தில் பெரும்பாலோர் போகவே மாட்டார்கள், சிலர் போய்க்கொண்டே இருப்பார்கள். பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 2014-இல் பிரிட்டனில் அரசு எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த ஆண்டு விமானத்தில் ஏறவே இல்லை. 15 விழுக்காட்டினர் மட்டும் 70 விழுக்காடு பயணங்களைச் செய்திருந்தார்கள். உலக அளவில் ஸ்டெஃபான் கோஸ்லிங், ஆந்திரியாஸ் ஹும்பே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2018-இல் உலக மக்களில் 11 விழுக்காட்டினர்தான் பறந்திருக்கிறார்கள். நாட்டு எல்லை தாண்டிப் பறந்தவர்கள் அதிகபட்சம் 4 விழுக்காடு. பயணிகள் விமானங்கள் விடுகிற கரியமில வாயுவில் பாதி, மக்கள்தொகையில் வெறும் 1 விழுக்காட்டினரின் கணக்கில் விழுகிறது.

அந்த 1 விழுக்காட்டினரில் பலர் ஊர் சுற்றும் ஆசையில் அப்படிப் பறப்பதில்லை, டிக்கெட் காசு அவர்களுடையது இல்லை என்பதால் பறக்கிறார்கள். கம்பெனி கொடுக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அடிக்கடி பறப்பவருக்கு மைல் கணக்கில் புள்ளி கொடுத்து, அதைச் சேர்த்து இலவச டிக்கெட் வாங்கிக்கொள்ளும் திட்டத்தை 1981-இல் அது கொண்டுவந்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது முதலாளி, புள்ளி போய்ச் சேருவது ஊழியரின் பெயரில். எந்த விமானத்தில் போவது என்று தேர்ந்தெடுப்பவர் யாரோ அவரையே கவனித்துக்கொள்கிறார்கள். நேராகச் சொன்னால் கொஞ்சம் லஞ்ச வாடை அடிக்கிற ஏற்பாடு. ஆனால் பறப்பவர்கள் எப்படிப் புகார் சொல்வார்கள்?

பக்கத்து இருக்கைக்காரர் உங்களைவிடப் பாதி விலைக்கு வந்திருப்பதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் ஓடும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 இருக்கை போல இருக்கும். அவற்றைப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்த்தட்டு முதலில் விற்கும், அது தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். கடைசித் தட்டைக் கடைசி நாள் வரை கையில் வைத்திருப்பார்கள். மூன்று மாதம் முன்பே டிக்கெட் போடுகிறவர் சொந்தக் காசில் போகிறவர், விலை ஏறினால் ரயிலுக்கு மாறிவிடுவார். நாளைக்கே போயாக வேண்டும் என்று வருகிறவர் என்ன விலை சொன்னாலும் கொடுப்பார். அவர் பெரிய கம்பெனி ஆளாக இருந்தால் பரவாயில்லை. அப்பா இறந்த செய்தி கேட்டு ஓடுகிற மகனும் அதே தட்டில்தான் மாட்டுகிறான். கம்ப்யூட்டருக்கு இருவரும் ஒன்று. எனக்குத் தெரிந்து இந்த வியாபாரத்தில் மனதுக்கு ஒவ்வாத இடம் இதுதான். பொங்கலுக்குச் சென்னை–மதுரை கட்டணம் பத்தாயிரத்தைத் தாண்டுவதாக வரும் செய்திக்கும் இதே கணக்குதான் காரணம்.

காசு ஒரு பக்கம். வேறு வழி இருக்கிறதா என்பது இன்னொரு பக்கம். உலகத்திலேயே அதிக இருக்கைகள் ஓடுகிற வழித்தடம் எது என்று கேட்டால் லண்டன், நியூயார்க் என்றுதான் சொல்லத் தோன்றும். விடை தென்கொரியாவில் இருக்கிறது. சோல் நகரிலிருந்து ஜேஜூ என்ற தீவுக்கு 450 கிலோமீட்டர், ஆண்டுக்கு 1.4 கோடி இருக்கைகள். தேனிலவுக்கும் விடுமுறைக்கும் கொரியர்கள் போகிற இடம் அது. நடுவில் கடல், ரயில் கிடையாது. அலாஸ்காவில் ஐந்தில் நான்கு ஊர்களுக்கு வெளியிலிருந்து சாலையே இல்லை. தபாலும் பாலும் விமானத்தில் வரும், பல் வலி என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். அங்கே அடிக்கடி பறப்பதற்கும் வசதிக்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு நேர் எதிர் டோக்கியோ–ஒசாகா. இரண்டரை மணி நேரத்தில் புல்லட் ரயில் கொண்டுபோய் விடும்போது விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு யார் நிற்பார்கள்?

நம் ஊரில் சென்னை–கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தே பாரத்தில் ஆறு மணி நேரம் போல ஆகும். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிடும். ஆனால் அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், ஒன்றரை மணி முன்னதாக உள்ளே இருக்க வேண்டும், இறங்கிப் பெட்டி வரக் காத்திருக்க வேண்டும், அப்புறம் டாக்சி. கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒரு மணி நேரம்தான். பிறகு ஏன் விமானம் நிரம்புகிறது? காலையில் போய் வேலையை முடித்து அன்று இரவே வீட்டில் படுக்க வேண்டியவர்கள் இருப்பதால். அவர்களுக்கு வேகத்தைவிட முக்கியம், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் இருப்பது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னொரு டீ சொல்லலாம், ஏனென்றால் திருச்சிக்கு வருகிறோம்.

திருச்சி விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம். 2024 ஜனவரியில் திறந்த புது முனையம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் அங்கே ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தால் விமானம் பணக்காரர் சமாச்சாரம் என்ற எண்ணம் போய்விடும். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா. புதுக்கோட்டை, பெரம்பலூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுவட்டத்துக் கிராமத்து ஆட்கள். ராத்திரி விமானத்துக்கு ஒரு ஆளை ஏற்றிவிட வேன் பிடித்துக் குடும்பமே வரும். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மார்க்கர் பேனாவால் பேரும் ஊரும் பெரிதாக எழுதியிருப்பார்கள். உள்ளே எடை போடும்போது இரண்டு கிலோ கூடுதல் என்றால் அங்கேயே கயிறு அறுபடும். கைலியும் துண்டும் தோள்பைக்கு மாறும், ஜீன்ஸின் மேல் இன்னொரு ஜீன்ஸ் ஏறும், அம்மா கொடுத்த மாவடு ஜாடி மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற தம்பியிடம் திரும்பி வரும்.

வேலைக்குப் போகிற இந்த ஆள் எத்தனை முறை பறக்கிறார்? வளைகுடா ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம். அது முடிந்தால்தான் விடுமுறையும் போய்வர டிக்கெட்டும். இடையில் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் சொந்தக் காசு, சம்பளப் பிடித்தம் வேறு. ஆக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்வருவார். இவர்களில் பலர் டெல்லியைப் பார்த்தது கிடையாது. வாழ்க்கையின் முதல் விமானமே கடல் தாண்டிப் போகிற விமானம். வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டிக்கொண்டு ஏறியிருப்பார்கள். சுற்றுலா விளம்பரத்தில் வருகிற சிரித்த முகத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அதே வரிசையில் இன்னொரு வகை ஆளும் நிற்பார், குருவி. இங்கிருந்து புடவை, பலகாரம், அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் சாமான் என்று அடுத்தவர் சரக்கைத் தன் லக்கேஜில் எடுத்துப் போய் வந்து கூலி வாங்குகிறவர். தங்கம் கடத்தி மாட்டுகிற குருவிகள்தான் பேப்பரில் வருவார்கள், சத்தமில்லாமல் பிழைப்பு நடத்துகிறவர்களும் உண்டு. கம்பெனி மேலாளருக்கு அடுத்தபடி அடிக்கடி பறக்கிறவர் யார் என்று கேட்டால் இவரைத்தான் சொல்வேன். மாதத்தில் சில நடை போவார், சிங்கப்பூரில் சுற்றிப் பார்த்த இடம் ஒன்றும் இருக்காது.

இப்போது உடான். சின்ன ஊர்களுக்கும் விமானம் என்று மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி முதல் விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய், பாதி இருக்கைகளுக்கு அந்த உச்சவரம்பு, நஷ்டத்தை ஈடுகட்ட மூன்று வருடம் மானியம். நல்ல எண்ணம்தான். நடந்தது என்னவென்று 2023-இல் மத்திய தணிக்கைத் துறை எழுதியது. முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 வழித்தடங்களில் 403-இல் விமானம் கிளம்பவே இல்லை. கிளம்பிய 371-இல் மூன்று வருடத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

சேலத்தைப் பாருங்கள். 2018-இல் சென்னைக்கு விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. சேலத்துக்காரருக்குச் சென்னை போக ராத்திரி ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. படுத்தால் விடியும்போது சென்னை, ஒரு பகலும் வீணாகாது. நாளுக்கு ஒரே விமானம், அதுவும் நட்டநடுப் பகலில் என்றால் கட்டணம் எவ்வளவு குறைந்தாலும் வியாபாரிக்குப் பிரயோஜனம் இல்லை. தூத்துக்குடி வேறு மாதிரி. 1,350 மீட்டர் ஓடுபாதையில் சின்ன ஏடிஆர் விமானம் மட்டும்தான் இறங்க முடியும் என்ற நிலையிலும் அங்கே சேவை தாக்குப்பிடித்தது. துறைமுக ஊர், சென்னையோடு தினசரி வேலை இருக்கிறது, ரயிலில் போனால் பத்துப் பதினோரு மணி நேரம். அதனால்தான் ஓடுபாதையை 3,115 மீட்டருக்கு நீட்டும் வேலை நடந்து, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள்.

உங்கள் ஊருக்கும் விமான நிலையம் வேண்டும் என்று மனு கொடுக்கக் கையெழுத்து கேட்டு வருவார்கள். தாராளமாகப் போடுங்கள். போடும் முன் வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியவர்கள் வாரத்துக்கு எத்தனை பேர், அவர்கள் டிக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்? பதில் வராவிட்டால் அதே தாளில் இன்னொரு ராத்திரி ரயில் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.