எந்த விளக்கை முதலில் மாற்றுவது?

மின்கட்டணப் பட்டியல் வந்த அன்றே வீட்டுக் குமிழ்கள் யாவற்றையும் கழற்றிவிட்டுச் சிக்கனக் குமிழ்களைப் பூட்டும் வேகம் பலருக்கும் உண்டாகின்றது. நாமும் அதற்கு விலக்கல்லேம். ஆயினும், முதலிற் கணக்குப் பார்த்தல் நன்று.

பழைய இழைக் குமிழ் பெறும் மின்சக்தியிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே கழிகின்றது. 60 வாற்றுக் குமிழ் தரும் ஒளியை எல்.ஈ.டி. குமிழ் ஏறக்குறைய 9 வாற்றிலே தந்துவிடும். விறாந்தையில் இரவுதோறும் 10 மணி நேரம் எரியும் விளக்கை எடுத்துக்கொள்வோம். 30 நாளிற் பழையது 18 அலகு உண்ணும், புதியதற்கு 2.7 அலகு போதும். களஞ்சிய அறை விளக்கோ நாளுக்குப் பத்து நிமிடமும் எரிவதில்லை. அதனை மாற்றினால் மாதத்துக்கு அரை அலகும் மிஞ்சாது. பழையதையே விட்டுவைத்தோம்.

மலிவென வாங்கிய ஒன்றை மூடிய கண்ணாடிக் கூட்டினுள் பூட்டினோம், ஓராண்டும் தாங்கவில்லை. குமிழின் அடியிலுள்ள மின்சுற்று வெப்பத்தைப் பொறாது.

முன்னர் வாங்கிய சுருள்வடிவச் சீ.எப்.எல். குமிழ்களில் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, யன்னல்களைத் திறந்து வைத்தல் வேண்டும். தும்புத்தடியாற் கூட்டாது, கடதாசி மட்டையால் துண்டுகளை வாரி, மூடியுள்ள போத்தலில் இடுக.

வெண்ணொளி கண்ணை உறுத்துகின்றதென எம் அன்னையார் இரவு வாசிப்பையே நிறுத்தியிருந்தார். பெட்டியைப் பார்த்தோம்: 6500 கெல்வின். 2700 கெல்வின் குமிழின் மஞ்சள் சார்ந்த ஒளியில் இப்போது மீண்டும் புத்தகம் எடுக்கின்றார்.