வைன் பட்டியலும் எங்கள் நாக்கும்

மெல்பேணுக்கு வந்து மூன்றாவது வருடம். அலுவலகத்தில் ஒரு வேலை நல்லபடியாக முடிந்ததைக் கொண்டாட எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். மேசையில் ஆக வயது கூடியவன் நான் என்பதாலோ என்னவோ, பரிசாரகர் வைன் பட்டியலை என் கையில் தந்துவிட்டார். எட்டுப் பக்கம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆக மலிவானதைச் சொன்னால் கஞ்சன் என்று நினைப்பார்களே என்று, அதற்கு அடுத்த விலையில் இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினேன். பெயரை வாயால் சொல்லப் பயம். அவர் போத்தலைத் திறந்து என் கிளாசில் ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு அப்படியே நின்றார். இவ்வளவுதானா என்று நினைத்து அதை ஒரே மடக்கில் குடித்து நன்றியும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

புலம்பெயர்ந்த எங்களில் பலருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். வைன் என்பது படித்துப் பாஸ் பண்ண வேண்டிய ஒரு பரீட்சை என்றும், அதற்கான பாடத்திட்டம் எங்களுக்குத் தரப்படவில்லை என்றும் ஓர் எண்ணம். அது பிழையான எண்ணம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல இது. எப்படியும் குடிப்பவர்கள் பயமில்லாமல், ருசித்து, குறைவாகக் குடிப்பதற்கானது.

அந்த ஒரு வாய் எதற்கு?

பரிசாரகர் ஊற்றிவிட்டு நின்றது, எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு அல்ல. வைன் பழுதாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்வதற்கு. தக்கை அடைத்த போத்தல்களில் சிலவற்றில் ஓர் இரசாயனம் உண்டாகி, நனைந்த கடதாசி மட்டையின் மணத்தைத் தந்துவிடும். மணந்து பார்த்து, அப்படி ஒன்றும் இல்லையென்றால் தலையை ஆட்டினால் போதும். குடிக்கவே தேவையில்லை. தென் அவுஸ்திரேலியாவின் கிளெயர் பள்ளத்தாக்கில் வைன் செய்வோர் பலர் ஒன்றுசேர்ந்து, 2000ஆம் ஆண்டு அறுவடையில் செய்த ரீஸ்லிங் வைனைத் தக்கைக்குப் பதில் திருகுமூடி போட்டு அடைத்தார்கள். இன்று இந்த நாட்டில் பெரும்பாலான போத்தல்களுக்குத் திருகுமூடிதான். மூடியைத் திருகித் திறக்கும் வைன் மலிவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிபுணர்களும் தடுமாறும் இடம்

பயம் தெளிய மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். பிரான்சின் போர்டோவில் வைன் கல்வி பயிலும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. கலிபோர்னியாவில் ஒரு பெரிய வைன் போட்டியின் நடுவர்களுக்கு, ஒரே போத்தல் வைனை அவர்கள் அறியாமல் மூன்று தடவை கொடுத்துப் புள்ளி போடச் சொன்னார்கள். மூன்று தடவையும் ஏறத்தாழ ஒரே தரத்தில் புள்ளி போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். இது 2008இல் வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, விலை தெரியாமல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் சுவைத்துப் பார்த்தவர்களின் பதில்களை ஆராய்ந்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய வைன் அதிகம் பிடிக்கவில்லை, சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது.

நிபுணத்துவம் பொய் என்பது இதன் பொருள் அல்ல. கண்ணும் விலையும் பெயரும் நாக்கை ஏமாற்றும் என்பதுதான் பொருள். அப்படியானால் எங்கள் நாக்கை நாங்கள் நம்புவதில் என்ன குறை?

அறுசுவை தெரிந்த நாக்கு

வைன் போத்தலின் பின்பக்கத்தில் செர்ரி, சீடார் மரம், புகையிலை என்று என்னென்னவோ எழுதியிருக்கும். அதை விட்டுவிடுங்கள். வாயில் தெரியும் அடிப்படை விடயங்கள் நான்குதான்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, வெறி. இவற்றில் முதல் மூன்றும் அறுசுவையில் உள்ளவை. எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

இனிப்பை விளங்கிக்கொள்ளக் கள்ளை நினைத்துப் பாருங்கள். பனையிலிருந்து அப்போதுதான் இறக்கியது இனிக்கும். நேரம் போகப் போக நொதியம் சீனியைத் தின்று அற்ககோலாக மாற்ற, இனிப்புக் குறைந்து வெறி ஏறும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதியம் வேலை செய்யாது, கருப்பணி இனிப்பாகவே இருக்கும். முந்திரிகைச் சாற்றில் நடப்பதும் இதுதான். நொதியம் சீனி முழுவதையும் தின்று முடித்த வைனைத்தான் 'ட்ரை' என்கிறார்கள். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தினால் இலேசான இனிப்பு. மொஸ்காட்டோவில் நிறையவே மிச்சம் வைப்பார்கள். அதனால்தான் அது இனிக்கிறது, அதில் வெறியும் குறைவு.

புளிப்பு, வாயில் எச்சில் ஊறவைக்கும். தேசிக்காய்த் தண்ணீர் குடித்தவுடன் கன்னத்துக்குள் சுரக்கிறதே, அதே உணர்வு. வெள்ளை வைன்களில், குறிப்பாக ரீஸ்லிங்கிலும் செமியோனிலும், இது தூக்கலாக இருக்கும். எண்ணெயில் பொரித்த மீனுக்கு நாங்கள் தேசிக்காய் பிழிவது ஏன்? எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு வெட்டும் என்பதால். அதே வேலையை இந்த வைன்களும் செய்யும்.

துவர்ப்பு, வாயை உலர்த்தும். பாக்கு, வாழைக்காய், அதிக நேரம் ஊறவிட்ட வெறுந்தேத்தண்ணீர் ஆகியவற்றில் உள்ள அந்தக் கயர்ப்புத்தான் சிவப்பு வைனில் உள்ள டனின். சிவப்பு வைனைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் தோலிலும் விதையிலும் இருந்து அது இறங்குகிறது. கயர்க்கும் தேத்தண்ணீருக்குப் பால் விட்டால் மென்மையாகிறது அல்லவா? டனின் பாலிலுள்ள புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்வதால் அப்படி. கபெர்னே போன்ற துவர்ப்புக் கூடிய வைனை இறைச்சியோடும் சீஸோடும் குடிக்கச் சொல்வதன் காரணமும் இதுவே.

வெறியை வாயாலேயே அறியலாம். விழுங்கிய பின் தொண்டையில் ஒரு சூடு. வைனில் பொதுவாக 11 முதல் 15 சதவீதம் அற்ககோல் இருக்கும். போத்தலிலேயே எழுதியிருக்கும்.

எங்கள் கறிக்கு எது?

இங்கேதான் வெள்ளைக்காரர்களின் கையேடுகள் எங்களைக் கைவிடுகின்றன. சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன் என்று அவை சொல்லும். அதை நம்பி, யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு 15 சதவீத பரோசா ஷிராஸைக் குடித்தேன். வாய் எரிந்தது. மிளகாயின் எரிவை அற்ககோல் கூட்டும். துவர்ப்பும் சேர்ந்தால் எரிவு இன்னும் கூர்மையாகும். தணிப்பவை இனிப்பும் குளிர்ச்சியும்.

ஆகவே உறைப்பான சாப்பாட்டுக்கு, வெறி குறைந்த, குளிரவைத்த, இலேசான இனிப்புள்ள வைன் நல்ல துணை. நண்டுக் கறிக்கும் உறைப்பு மீன் குழம்புக்கும் சற்று இனிப்பான ரீஸ்லிங்கை எடுத்துப் பாருங்கள். சில ரீஸ்லிங் போத்தல்களின் பின்பக்கத்தில் அது எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டும் ஒரு சிறிய அளவுகோல் இருக்கும். சொதிக்கும் பால்கறிக்கும் ஹண்டர் பள்ளத்தாக்கின் செமியோன் பொருந்தும். அதில் அற்ககோல் 11 சதவீதத்துக்கு அண்மையில்தான் இருக்கும். ரோல்ஸ், கட்லட், உழுந்து வடைக்கு நுரைக்கும் வைன் அருமை. ஆட்டிறைச்சிக்குச் சிவப்புத்தான் வேண்டும் என்பவர்கள் துவர்ப்புக் குறைந்த பினோ நுவார் அல்லது கிரெனாஷை, சற்றுக் குளிரவைத்துக் குடிக்கலாம். ஷிராஸ் நல்ல வைன். அதை உறைப்பில்லாத வாட்டிய இறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நிற்கும்போது

அவுஸ்திரேலிய வைனில் ஒரு வசதி, போத்தலில் பழத்தின் பெயரே பெரும்பாலும் இருக்கும். பிரெஞ்சு வைனில் ஊரின் பெயர்தான் இருக்கும். எந்த ஊரில் எந்தப் பழம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தொடங்குபவர்களுக்கு இந்த நாட்டுப் போத்தலே இலகு. பிடித்த பழத்தின் பெயரைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் "இதைவிடப் புளிப்புக் குறைவாக ஒன்று" என்று கேட்டாலே அவருக்கு விளங்கிவிடும்.

அட்டைப் பெட்டி வைனை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. அது இந்த மண்ணின் கண்டுபிடிப்பு. தென் அவுஸ்திரேலியாவின் தோமஸ் அங்கோவ் 1965இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வைன் குறையக் குறைய உள்ளே இருக்கும் பை சுருங்கும், காற்று படாது. திறந்த பின்னும் சில வாரம் கெடாது. திறந்த போத்தலோ குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஆகவே திறந்ததை அன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய குளிர் வீடுகளுக்குச் சொன்னது. மெல்பேணின் ஜனவரிக்கு அது பொருந்தாது. இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ருசி திருந்தும். வெள்ளை வைனைப் பத்து நிமிடம் முன்னரே வெளியில் எடுத்து வையுங்கள். கடுங்குளிரில் மணமே தெரியாது.

மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பாற்புரதம், ஜெலற்றின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் ஆகியவற்றைப் பாவிப்பதுண்டு. வேண்டாம் என்பவர்கள் 'வீகன்' என்று எழுதிய போத்தலைப் பார்த்து வாங்கலாம்.

இந்தக் கொடியும் இந்த நாட்டின் பூர்வீகக் கொடி அல்ல. பிரான்சிலும் ஸ்பெயினிலும் சேகரித்த கொடித் துண்டுகளை ஜேம்ஸ் பஸ்பி 1832இல் கப்பலில் கொண்டுவந்தார். பரோசாவில் 1842இல் குடியேறியவர்கள், பிரஷ்ய அரசின் மத நெருக்குதலால் ஊரை விட்டு வந்த லூத்தரன் குடும்பங்கள். வைன் இங்கு வந்தேறிகள் வளர்த்த பொருள். அதன் முன்னால் வெட்கப்பட இன்னொரு வந்தேறிக்கு என்ன இருக்கிறது?

கராஜும் மேசையும்

இனி, சொல்லத் தயங்கும் விடயம். எங்கள் பிறந்தநாள் விழாக்களில் ஆண்கள் கராஜில் நிற்போம். மேசையில் விஸ்கியும் பைட்ஸும். ஏழு மணிக்குத் தொடங்கினால் சாப்பாடு பதினொரு மணிக்கு. வெறும் வயிற்றில் எத்தனை போனது என்று ஊற்றுபவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. பெண்களும் பிள்ளைகளும் உள்ளே காத்திருப்பார்கள். அப்படி என்னோடு கராஜில் நின்ற ஒரு நண்பரை ஈரல் நோய்க்குப் பறிகொடுத்தோம். ஐம்பத்திரண்டு வயது. அவர் எவ்வளவு குடித்தார் என்பது கடைசிவரை அவருடைய மனைவிக்கே தெரியாது.

விஸ்கிக்குப் பதில் வைன் குடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அற்ககோல் எதில் இருந்தாலும் அற்ககோல்தான். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிவப்பு வைன் இதயத்துக்கு மருந்து என்ற கதையை விட்டுவிடுவோம். இங்குள்ள வழிகாட்டல் வாரத்துக்குப் பத்து நியம அளவுக்கும், எந்த ஒரு நாளிலும் நான்குக்கும் மேல் போகக் கூடாது என்கிறது. ஒரு நியம அளவு என்பது 10 கிராம் அற்ககோல். உணவகத்தில் ஊற்றும் 150 மில்லிலீற்றர் கிளாஸ் ஒன்று, 13.5 சதவீத வைனாக இருந்தால், ஒன்றரைக்கும் மேல். முழுப் போத்தல் எட்டு. போத்தலின் பின்பக்கத்தில் இந்த எண் எழுதியிருக்கும். காரோட்ட வேண்டியவர் தொடாமல் இருப்பதே நல்லது.

வைனிடம் நான் கற்றது ஒன்றுதான்: குடிப்பது சாப்பாட்டோடு, மேசையில், எல்லோர் கண் முன்னாலும் இருக்க வேண்டும். போன மாதம் எங்கள் வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் வந்தன. ஏழரைக்கே இடியப்பமும் நண்டுக் கறியும் வைத்தோம். நடுவில் குளிர்ந்த ரீஸ்லிங் ஒரு போத்தல். நண்பரின் மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"புளிக்குது. ஆனா கறிக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இதைவிடச் சரியாக எந்த நிபுணரும் சொல்லியிருக்க முடியாது. நாங்கள் எழும்பும்போது போத்தலில் கால்வாசி மிச்சம் இருந்தது. மூடியைத் திருகிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.